வெள்ளைச் சுவரின் எண் 231

கட்டடங்களை ரெண்டர் செய்யும், அதாவது கணினி மாதிரியிலிருந்து புகைப்படம்போன்ற படம் உருவாக்கும், வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும்?" என்பதுதான். அதை இந்த ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறேன். 3டிஎஸ் மேக்ஸ் என்ற மாதிரி கட்டும் மென்பொருளில் வேலை என்றால் வி-ரே அல்லது கொரோனா; இவை ஒளியைக் கணக்கிட்டுப் படம் போடும் ரெண்டர் எஞ்சின்கள். ஸ்கெட்ச்அப், ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளை விட்டு வெளியே வர விருப்பமில்லை என்றால் என்ஸ்கேப். காணொளியும் நடந்து சுற்றிப் பார்ப்பதும்தான் முக்கியம் என்றால் லூமியன், ட்வின்மோஷன், அன்ரியல் எஞ்சின். கையில் பணம் இல்லையென்றால் பிளெண்டர். 2002 முதல் அது திறந்தமூலம், 2011இல் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சினும் அதனுள் சேர்ந்துவிட்டது, இரண்டும் இலவசம். எந்த அலுவலகத்தில் சேரப்போகிறீர்களோ அங்கே எது ஓடுகிறதோ அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அசட்டையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சின்கள் எல்லாம் விடை தேடுவது ஒரே கணக்குக்குத்தான். கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா 1986இல் எழுதிவைத்த ரெண்டரிங் சமன்பாடு அது. ஒரு புள்ளியிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி என்பது, அந்தப் புள்ளி தானாக உமிழும் ஒளியும், சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் அதன்மேல் விழுந்து திரும்பும் ஒளியும் சேர்ந்தது. "சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும்" என்பதில்தான் சிக்கல். அந்தச் சுற்றுப்புறத்துக்கும் ஒளி வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், அதற்கும் வேறு எங்கிருந்தோ. சில எஞ்சின்கள் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போடுகின்றன, சில குறுக்குவழியில் போடுகின்றன. உள்ளே நாம் கொடுக்கும் எண்கள் பொய்யாக இருந்தால் இரண்டுமே பொய்யைத்தான் திருப்பித் தரும்.

நான் இந்தத் தொழிலுக்குக் கேமரா வழியாக வந்தவள். முதலில் கட்டி முடித்த கட்டடங்களைப் படம் எடுத்தேன், பிறகு இன்னும் கட்டாத கட்டடங்களைப் படம் எடுக்கத் தொடங்கினேன். ஒளிமானி இன்றும் என் பையில்தான் இருக்கிறது. காத்திருப்பு அறை, மாடிப்படி, வாகன நிறுத்தம் என்று எங்கே போனாலும் அதை எடுத்து ஒரு முறை அளந்துவிடுவேன். கூட வருகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தினால்தான் எனக்கு ஒரு பிடிவாதமும் வந்தது: நிஜம்போல ஒரு படம் வரவேண்டுமென்றால் முதலில் ஒளியின் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். பூச்செடியும் புத்தக அலமாரியும் அதற்குப் பிறகு.

வெள்ளைச் சுவரை எடுத்துக்கொள்வோம். பழகுநர்கள் நிறப் பெட்டியைத் திறந்து 255, 255, 255 என்று போட்டுவிடுவார்கள். வெள்ளை என்றால் அதுதானே என்பார்கள். ஆனால் 255 என்பது, தன்மேல் விழும் ஒளி முழுவதையும் ஒரு துளிகூட விழுங்காமல் திருப்பி அனுப்பும் பரப்பு. அப்படி ஒரு பெயின்ட் உலகத்தில் கிடையாது. புதிதாகப் பெய்த பனிகூட நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில்தான் திருப்பி அனுப்புகிறது. நல்ல வெள்ளைப் பெயின்ட் என்றால் எண்பது பங்கு. இந்த எண்பது, திரையின் 0 முதல் 255 வரையிலான அளவில் 204 ஆகாது. திரையின் அளவு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை என்பதால் அது 231 ஆகிறது.

இருபத்துநான்கு படிதானே வித்தியாசம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். மூடிய ஓர் அறை, எல்லாப் பரப்பும் ஒரே நிறம், உள்ளே ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் ஒளி சுவரில் பட்டு, மறுபடி பட்டு, மறுபடியும் பட்டு அடங்குகிறது. சுவர் பாதி ஒளியைத் திருப்பி அனுப்பினால், எல்லாத் தெறிப்பும் சேர்ந்து அறையில் இருக்கும் ஒளி விளக்கு தந்ததைப்போல இரண்டு மடங்கு. எண்பது பங்கு என்றால் ஐந்து மடங்கு. தொண்ணூறு பங்கு என்றால் பத்து மடங்கு. தொண்ணூற்றெட்டு என்றால் ஐம்பது மடங்கு. தொண்ணூறு பங்கு என்பது திரை அளவில் 243. அதாவது 231ஐயும் 243ஐயும் தனித்தனியாகக் காட்டினால் எது எது என்று சொல்லத் தடுமாறுவோம். ஆனால் அறைக்குள் சுற்றிவரும் ஒளி அதற்குள் இரண்டு மடங்காகிவிட்டது. நிஜ அறையில் சன்னல் இருக்கிறது, இருண்ட தரை இருக்கிறது, அதனால் மடங்கு இவ்வளவு ஏறாது. ஏறும் திசை மட்டும் இதுதான்.

விளைவு படத்தில் எப்படித் தெரியும்? சோபாவுக்கு அடியில் நிழல் இருக்காது. சுவரும் கூரையும் சேரும் மூலை காணாமல் போயிருக்கும். அறை முழுக்க மாவு பூசியதுபோல ஒரே வெளுப்பு. உடனே பழகுநர் என்ன செய்வார் என்றால், விளக்கைக் குறைப்பார். குறைத்ததும் சன்னல் பக்கம் செத்துப்போகும். பிறகு மூலைகளில் செயற்கையாக இருட்டைச் சேர்க்கும் ஒரு தனிப் படலத்தைப் படத்தின்மேல் பெருக்கிவிடுவார். இப்போது மூலைகளில் கரி அப்பியதுபோல இருக்கும். அதைச் சரிசெய்யப் போட்டோஷாப். இத்தனையும் சுவரின் எண்ணை 231க்கு இறக்கியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. நான் பெரும்பாலும் 220 பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். சில ஆண்டு பழகிய சுவர் அப்படித்தான் இருக்கிறது.

கறுப்பிலும் இதே கதை. கரித்துண்டுகூட நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரை அளவில் அது 56. கறுப்புத் தோல் சோபாவுக்குப் பூஜ்யம் போட்டால் அறைக்குள் ஒரு பொந்து வெட்டியதுபோல இருக்கும்.

அடர்ந்த நிறங்களில் வேறொரு சூட்சுமம். ஒரு செங்கல் சிவப்பை நூற்றுக்கு எண்பது, பச்சையை நாற்பது, நீலத்தை இருபது என்ற அளவில் திருப்பி அனுப்புகிறது என்று போட்டுவிட்டோம் என்றால், இரண்டாவது தெறிப்பில் அது அறுபத்துநான்கு, பதினாறு, நான்கு ஆகிவிடும். சிவப்பு கொஞ்சம்தான் குறைந்தது, நீலம் அடிபட்டே போனது. அதனால்தான் செங்கல் அறைகளும் மரம் பதித்த அறைகளும் ரெண்டரில் ஜுரம் வந்ததுபோலச் சிவந்துவிடுகின்றன. டெக்ஸ்ச்சர், அதாவது மாதிரியின் பரப்பில் ஒட்டும் படங்கள், கிடைக்கும் வலைத்தளங்களில் உள்ளவற்றில் பல, பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நிறம் ஏற்றப்பட்டவை. கீழே இறக்கிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். நான் என் சொந்த டெக்ஸ்ச்சர்களை மேகமூட்டமான நாளில், நடுச் சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்கிறேன். அட்டை திரையில் 118 அருகே வந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம்.

அடுத்தது அலகு. மாதிரியை மில்லிமீட்டரில் கட்டிவிட்டு மீட்டர் என்று நினைத்து விளக்கு போடுகிற கோப்புகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. விளக்கின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது. அறை பத்து மடங்கு பெரிதாகிவிட்டால் அதே விளக்கு நூறில் ஒரு பங்குதான் தரும். உடனே விளக்கின் அளவை நூறு மடங்கு ஏற்றிச் சமாளிப்பார்கள். அப்புறம் சூரியனைப் போட்டதும் எல்லாம் குழம்பும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமன் (ஒளியின் அளவு), 2700 கெல்வின் (ஒளியின் நிறம்). இந்த எண்ணைப் போட்டால் அறை அந்தப் பல்பு எரியும் அறைபோல இருக்கவேண்டும். இல்லையென்றால் பழுது பல்பில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது.

இதைச் சோதிக்கப் புகைப்படக்காரர்களின் பழைய விதி ஒன்றை வைத்திருக்கிறேன். நல்ல வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்/16, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் நூறில் ஒரு வினாடி. ஒளிமானி இல்லாத காலத்தில் ஃபிலிம் போட்டு எடுத்தவர்கள் இதை வைத்தே காலம் தள்ளினார்கள். நிஜக் கேமராவின் அளவுகளைக் கேட்கும் ரெண்டர் எஞ்சினில், வெட்டவெளியில் ஒரு நடுச் சாம்பல் பந்தை வைத்து, சூரியனை மாற்றாமல் விட்டு, இந்த மூன்று எண்ணையும் போடுங்கள். பந்தின் வெயில் பக்கம் நடுத்தரச் சாம்பலாக வந்தால் உங்கள் காட்சி தெளிவான தரையில் நிற்கிறது. வெளுத்தாலோ இருண்டாலோ, மேற்கொண்டு ஒரு நாற்காலிகூட வைக்காமல் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

சூரியனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். வானில் அதன் அகலம் அரைப் பாகை. அதனால்தான் நிழலுக்கு ஒரு மங்கிய விளிம்பு உண்டு. நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரம் ஒரு மீட்டர் என்றால் அந்த மங்கல் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர். பத்து மீட்டர் என்றால் ஒன்பது சென்டிமீட்டர். கதவு நிலையின் நிழல் தரையில் கத்தியால் கீறியதுபோல விழும். அதே தரையில் எதிர்ப்புற மரத்தின் உச்சிக் கிளை கலங்கிய நிழலாக விழும். இந்த இரண்டும் ஒரே படத்தில் இருப்பதைக் கண் எப்போதும் பார்த்துப் பழகியிருக்கிறது, காரணம் தெரியாமலே. சூரியனின் அளவை ஏற்றி "மென்மையான வெயில்" வரவழைக்கிறவர்கள், கத்திபோல விழவேண்டிய நிழலையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறார்கள். மென்மை வேண்டுமென்றால் மேகத்தைக் கொண்டுவாருங்கள். மேகமூட்டமும் அழகுதான். கான்கிரீட்டையும் கல்லையும் வெயிலைவிட மேகமூட்டத்தில்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

எச்டிஆர்ஐ, அதாவது இருட்டு முதல் சூரியன் வரை உண்மையான பிரகாசத்தைப் பதிவுசெய்யும் வானப் படங்களால் காட்சிக்கு ஒளியூட்டும் முறையை ஆய்வாளர் பால் டெபெவெக் 1998இல் காட்டினார். இன்று பாலி ஹேவன்போன்ற தளங்களில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: சூரிய வட்டத்தின் உண்மையான பிரகாசம் அந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறதா? படம் எடுத்தவர் போதுமான அளவுக்குக் குறைந்த எக்ஸ்போஷர்களை (குறைந்த ஒளி விட்ட படங்களை) எடுக்காவிட்டால் சூரியன் மொட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். வானம் நீலமாக இருக்கும், சூரியனும் தெரியும், நிழல் மட்டும் விழாது. பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும். எது என்று சொல்லத் தெரியாது.

இனி கண்ணாடி. சன்னலுக்குக் கண்ணாடி போட்டதும் அறைக்குள் வெயில் நின்றுவிட்டது என்று புலம்பாத பழகுநர் இல்லை. எஞ்சின் கண்ணாடியை ஒளியை வளைக்கும் பொருளாகப் பார்க்கிறது. ஒளியை வளைக்கும் பொருள் வழியே சூரியனை நேர்க்கோட்டில் எட்ட முடியாது என்பதால், அந்தப் பாதையைத் தற்செயலாகக் கண்டுபிடிக்க அது கிடந்து தவிக்கும். பல எஞ்சின்களில் இந்த வகை ஒளியை அணைத்தே வைத்திருப்பார்கள். வி-ரேயில் கண்ணாடியின் நிழல் ஊடுருவட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது. சைக்கிள்ஸில், நிழல் எங்கே என்று தேடும் கதிருக்கு மட்டும் இந்தக் கண்ணாடி வெறும் ஒளிபுகும் பரப்பு என்று நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். சன்னல் கண்ணாடி மெல்லியது, அது ஒளியை வளைப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. இந்தப் பொய்யை நான் மனமார அனுமதிக்கிறேன். இன்னொன்று, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் வேண்டும். ஒற்றைத் தாளாகப் போட்டால், அதற்கு அப்பால் உலகமே ஒரு கண்ணாடிக் கட்டி என்று எஞ்சின் எண்ணிக்கொண்டு தோட்டத்தை இழுத்து வளைத்துவிடும்.

கண்ணாடியில் பிரதிபலிப்பு எவ்வளவு என்பது இயற்பியலாளர் ஃப்ரெனெல் சொன்ன கணக்கு. நேராகப் பார்த்தால் ஒரு பரப்புக்கு நூற்றுக்கு நான்கு. சாய்ந்து பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போகும். இது பெயின்ட், வார்னிஷ், பளிங்கு, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும். மரத்தரைக்குப் பளபளப்பு போதவில்லை என்று பிரதிபலிப்பை ஏற்றுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த எண்ணைத் தொடாதீர்கள், சொரசொரப்பை மாற்றுங்கள். தரை காலடியில் மங்கலாகவும் தூரத்தில் கண்ணாடியாகவும் மாறுவது தானாக நடக்கும்.

இப்போது எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஓயாமல் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். நல்ல வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அலகு). உள்ளே சன்னலிலிருந்து தள்ளியிருக்கும் சுவரில் முந்நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கேமரா உள்ளே பார்த்தால் வெளியே வெளுக்கும், வெளியே பார்த்தால் உள்ளே இருளும். நம் கண் நிமிடத்துக்கு நிமிடம் பழகிக்கொண்டு இரண்டையும் பார்த்துவிடுகிறது, படம் அப்படிச் செய்யாது. வாடிக்கையாளர் கேட்பது என்ன? "உள்ளே பிரகாசமாக இருக்கட்டும், சன்னலுக்கு வெளியே தோட்டமும் தெளிவாகத் தெரியட்டும்." தெரியவைக்கலாம். சன்னலில் ஒரு பதாகை ஒட்டியதுபோலத் தெரியும். சன்னல் கொஞ்சம் வெளுத்திருப்பதுதான் உள்ளே இருக்கும் மனிதருக்கு வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்கிறது. நான் ஒரு அளவுக்கு விட்டுக்கொடுப்பேன். மரத்தின் உருவம் தெரியும், இலை தெரியாது.

இங்கே டோன் மேப்பிங், அதாவது காட்சியின் பெரிய ஒளி வித்தியாசத்தைத் திரையின் அளவுக்குள் அடக்கும் வேலை, கைகொடுக்கிறது. பிளெண்டரில் முன்பு அதிக ஒளி திடீரென்று வெள்ளையாக வெட்டுப்படும். 2017இல் ஃபில்மிக் வந்தது, 2023இல் 4.0 பதிப்போடு ஏஜிஎக்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டும் வெளுப்பை மெதுவாக, ஃபிலிம்போல, ஏறவிடுகின்றன. கிளிசரின் பூசியதுபோன்ற அந்தப் பழைய கணினிப் படத் தோற்றம் போனதற்கு எத்தனையோ நுணுக்கமான மாதிரிகளைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

கேமராவுக்கு மூன்றே வரிகள். செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்க வேண்டும். கேமராவைச் சாய்க்காதீர்கள், சாய்க்காமலே காட்சியை மேலும் கீழும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்டைப் பயன்படுத்துங்கள். உள்ளறைகளில் மார்பு உயரத்துக்குக் கீழே, ஒன்றே கால் மீட்டரில் வையுங்கள். லென்ஸின் குவியத் தூரத்தில் 24 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். கடைசி வரிக்கு மட்டும் விளக்கம் தேவை: 14 மில்லிமீட்டரில் ஒரு சிறு படுக்கையறை மண்டபம்போலத் தெரியும். வாங்குகிறவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது கட்டில் சுவரை இடிக்கும். நான் மாதிரியில் ஒரு சுவரைக் கழற்றிவிட்டு, கேமராவை அறைக்கு வெளியே பின்னால் தள்ளி, 28இல் எடுக்கிறேன். நிஜக் கேமராவோடு நான் ஏங்கிய வசதி இது ஒன்றுதான்.

காத்திருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கணினி வரைகலை முன்னோடி டர்னர் விட்டெட் 1980இல் கண்ணாடிப் பந்தும் கட்டம் போட்ட தரையும் கொண்ட ஒரு சிறிய படத்துக்கு, அக்காலக் கணினியில் 74 நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை இன்று கிராபிக்ஸ் கார்டு கண் இமைக்கும் நேரத்துக்குள் போட்டுவிடும். என் படங்களோ இன்னும் இரவெல்லாம்தான் ஓடுகின்றன, ஏனென்றால் வேகம் கூடக்கூட நாங்களும் ஆசையைக் கூட்டிக்கொண்டோம். நவீன எஞ்சின்கள் கதிர்களைச் சீரற்ற முறையில் அனுப்பிச் சராசரி எடுப்பவை. அதில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள், அதாவது கதிர், வேண்டும். இன்னொரு பாதிக்குப் பதினாறு மடங்கு. இந்த வர்க்கமூலத்தோடு யாராலும் பேரம் பேச முடியாது.

ஆகையால் டீநாய்சர், அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் நிரல். இன்டெல் 2019இல் ஓப்பன் இமேஜ் டீநாய்சை வெளியிட்ட பிறகு எங்கள் இரவுகள் குறைந்தன, உண்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு. சாம்பிள் குறைவான படத்தை அதன் கையில் கொடுத்தால், பருத்தித் துணியின் இழை, சுவரின் பூச்சுச் சொரசொரப்பு, தூரத்துச் செங்கல் இணைப்பு எல்லாவற்றையும் நாய்ஸ் என்று எண்ணி வழித்துவிடும். மிச்சம் இருப்பது மெழுகு. போதுமான சாம்பிள்களைப் போட்டுவிட்டுக் கடைசித் தூசியை மட்டும் அதனிடம் விடுவதே என் வழக்கம். கொஞ்சம் நாய்ஸ் இருந்தாலும் பரவாயில்லை. ஃபிலிமிலும் மணல்போன்ற புள்ளிகள் தெரியும். அதைக் குறை என்று யாரும் சொன்னதில்லை.

பரப்புகளின் குறைபாடுகளைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள்: கைரேகை, கீறல், தூசி, கறை. நல்ல பேச்சுதான், அளவு தாண்டிவிட்டது. புதிய வீட்டின் சமையல் மேடை பத்தாண்டு புழங்கிய பட்டறைபோல இருக்கிற படங்களைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டே காரியம் போதும். எல்லா விளிம்புகளையும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மழுக்குங்கள். நிஜ உலகில் கூரான விளிம்பு கிடையாது, அந்த மழுங்கலில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும், அதை வைத்துத்தான் கண் பொருளின் கனத்தை அறிகிறது. பிறகு, பளபளப்பில் இடத்துக்கு இடம் லேசான ஏற்ற இறக்கம் கொடுங்கள். நிறத்தில் வேண்டாம், பளபளப்பில். இவ்வளவுக்குமேல் போனால் கறையைத்தான் விற்கிறோம், கட்டடத்தை இல்லை.

சோபாக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும், இலவச நூலகத்திலிருந்து எடுத்த அதே சாம்பல் சோபா, அதே கலைந்த போர்வை, அதே மூன்று புத்தகங்கள், அவற்றின்மேல் அதே மூக்குக்கண்ணாடி. உலகம் முழுக்க ஒரே ஆள்தான் எல்லா வீட்டிலும் குடியிருக்கிறார்போலும்.

நிஜம்போன்ற படம் எப்போது வேண்டாம் என்பதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி. வடிவமைப்பு இன்னும் முடிவாகாதபோது முழு ரெண்டரைக் காட்டினால், பார்க்கிறவர் கட்டடத்தைப் பார்க்கமாட்டார். குழாயின் நிறத்தைப் பற்றிப் பேசுவார், திரைச்சீலையைப் பற்றிப் பேசுவார். எல்லாம் முடிவாகிவிட்டது என்ற எண்ணமும் அவருக்கு வந்துவிடும். அதனால் முதல் சுற்றில் எல்லாப் பரப்பும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும் களிமண் ரெண்டர்தான் தருகிறேன். சூரியன் மட்டும் உண்மை. அறையில் வெளிச்சம் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் இருட்டு என்பது அதிலேயே தெரிந்துவிடும். கட்டட ஓவியர் ஹியூ ஃபெரிஸ் 1922இல் நியூயார்க்கின் 1916 மண்டலச் சட்டம் கட்டடங்களை எந்த வடிவத்துக்குள் அடக்கும் என்று கரியில் வரைந்து காட்டினார். அவற்றில் சன்னலின் விவரம்கூட இருக்காது, வெறும் நிறையும் நிழலும்தான். அந்த நகரத்தின் கோபுரங்களை எப்படி எண்ணிப்பார்ப்பது என்பதையே அந்தக் கரிப்படங்கள் கற்றுக்கொடுத்தன.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஒரு பென்சில் கோட்டோவியத்தைக் கொடுத்தால் நொடிகளில் புகைப்படம்போல ஒன்று வந்துவிடுகிறது. மனநிலையைக் காட்ட, மூன்று திசைகளில் யோசித்துப் பார்க்க, நானும் பயன்படுத்துகிறேன். சன்னலை முப்பது சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால்தான் வினை. சன்னல் நகரும், கூடவே தரையின் கல் மாறும், மாடிப்படியில் ஒரு படி கூடும், வெயில் வேறு திசையிலிருந்து வரும். அது வெயில் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகியது. இந்த அறையில் இந்த நேரத்தில் வெயில் எங்கே விழும் என்று அது கணக்குப் போடவில்லை.

அந்தக் கணக்கை நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் முதலில் வட திசையை வைப்பேன், பிறகு மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகுதான் தேதியும் நேரமும். ஒரு முறை ஒரு வாடிக்கையாளர், ஆண்டு முழுவதும் நேர் வெயிலே வராத ஒரு வரவேற்பறைக்குள் மாலைப் பொன்வெயில் வேண்டும் என்றார். "சூரியனைக் கொஞ்சம் திருப்பி வையுங்களேன், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்டார். வீட்டை வாங்குகிறவர்கள் வந்து பார்ப்பார்கள், தினமும் மாலையில் பார்ப்பார்கள் என்றேன். பதிலுக்கு அதே அறைக்கு, வானத்தின் குளிர்ந்த ஒளி ஒரு பக்கமும் 2700 கெல்வின் விளக்கு மறுபக்கமுமாக, மாலை மங்கும் நேரத்தில் ஒரு படம் கொடுத்தேன். விளக்கின் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு பரவும் என்று சொல்லும், விளக்குத் தயாரிப்பாளர் தரும் ஐஇஎஸ் கோப்பைப் போட்டிருந்ததால் சுவரில் ஒளி விழுந்த வளைவுகூட வாங்கப்போகும் விளக்கின் வளைவுதான். அவர் அரை மனதோடுதான் ஏற்றுக்கொண்டார்.

அப்போதிருந்து ஒவ்வொரு படத்தின் கீழ் ஓரத்திலும் சிறிய எழுத்தில் ஒரு வரி போடுகிறேன்: தேதி, நேரம், வட திசைக்கு ஓர் அம்புக்குறி, லென்ஸின் அளவு. விளம்பரப் பிரசுரத்துக்குப் படத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். அதனால் இப்போது அதையே தனித் தாளாக ஒப்பந்தத்தோடும் இணைத்துக் கொடுத்துவிடுகிறேன்.